180 ரூபாய் சவுண்ட் கார்டில் அப்பாவின் குடம் கேட்கவில்லை: கார்டின் தரத்தை வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

குடக்காரர்_மகன் · ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் சுசீந்திரம் பக்கம். அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஆளை வீட்டில் பார்க்க முடியாது. இந்த வாரம் சுடலைமாடன் கொடை (எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்குப் பெயர்), அடுத்த வாரம் முத்தாரம்மன் கொடை என்று போய்க்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டு மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிப் போய், 1988 முதல் 1995 வரை சில கொடைகளைப் பதிந்தும் வைத்திருந்தார். மொத்தம் 23 கேசட். 2017-ல் ஒக்கிப் புயல் அன்று ஓடு பறந்து அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியதில் 9 போய்விட்டது. மிச்சம் 14. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனியும் தள்ளிப்போட்டால் இந்த 14-ம் இருக்காது என்று இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

என் லேப்டாப்பில் இருப்பது ஒரே ஓட்டை, அதுவும் ஹெட்செட்டுக்கானது. அதனால் மீனாட்சிபுரத்தில் ஒரு கடையில் 180 ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினேன். கட்டைவிரல் அளவு, பச்சை ஓட்டை ஒன்று, பிங்க் ஓட்டை ஒன்று. அட்டையில் '7.1 சேனல் 3டி சவுண்ட்' என்று போட்டிருக்கிறது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயரைப் பிங்க் ஓட்டையில் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் கேசட்டின் ஒரு பக்கத்தை ஏற்றிப் பார்த்தேன்.

மூன்று தொல்லைகள். அண்ணாவி, அதாவது வில்லில் முதன்மையாகப் பாடுபவர், குரலை உயர்த்தும்போதெல்லாம் கரகரவென்று உடைகிறது. பாட்டு நின்று அருளாட்டத்துக்கு வழிவிடும் இடங்களில் அடியில் ஒரு 'ம்ம்ம்', அதற்கு மேல் கொசு கத்துவதுபோல மெலிதாக ஒரு 'ங்ஙீ'. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: குடம் கேட்கவே இல்லை. வில்லில் கட்டிய மணி கேட்கிறது, தாளம் கேட்கிறது, உடுக்கை கேட்கிறது. குடம் இருக்க வேண்டிய இடத்தில் 'டக் டக்' என்று மட்டையின் ஓசை மட்டும். அந்த 'கும்' இல்லை. கேசட்டை டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரிலேயே போட்டால் கொஞ்சமாவது இருக்கிறது.

மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் 350 ரூபாய்க்கு இன்னொன்றை எடுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, 'இது வேற லெவல் சார்' என்றார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையிலேயே நன்றாக இருந்ததா, இல்லை சத்தம் கூடுதலாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் 12,000 ரூபாய் போட்டால்தான் உருப்படும் என்கிறார். இன்னொருவர் எல்லாச் சவுண்ட் கார்டும் ஒன்றுதான் என்கிறார்.

என் கேள்வி இதுதான். மீட்டர், ஆஸிலோஸ்கோப் எதுவும் இல்லாத ஆள், மலிவான கார்டின் தரத்தை வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது? கையில் 1,000 ரூபாய் இருக்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2,500 வரை போவேன்.

ஓசி_வைஃபை · ஞாயிறு, இரவு 11.05

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டால் 180 ரூபாய் தீர்ந்துவிடும். அந்தக் காசில் 7.1 சேனல் கேட்கிறீர்களே அண்ணாச்சி. இருக்கிறது ரெண்டே ஓட்டை, எட்டு ஸ்பீக்கரை எங்கே செருகுவீர்கள்?

மிக்ஸிங்_மண்டை · திங்கள், காலை 8.15

ப்ரோ, இப்படி ஒரே ஒரு பிரதி உள்ள விஷயங்களை 180 ரூபாய் டாங்கிளில் ஏற்றுவது பாவம். குறைந்தபட்சம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்குங்கள். ஃபோக்கஸ்ரைட் சோலோ மாதிரி ஏதாவது. பிட் கூடினால் இரைச்சல் குறையும், கிலோஹெர்ட்ஸ் கூடினால் இன்னும் மேல் ஒலி பதியும். 16 பிட் எல்லாம் சிடி காலத்துச் சமாச்சாரம். ஒரு தடவைதானே செய்யப் போகிறீர்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

பழைய_டேப்_மார்த்தாண்டம் · திங்கள், மதியம் 2.30

தம்பி, மார்த்தாண்டத்தில் 1986 முதல் 2003 வரை கேசட் பதியும் கடை வைத்திருந்தவன் நான். நோட்டுத்தாளைக் கிழித்துப் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், ஏ பக்கத்துக்கு ஆறு, பி பக்கத்துக்கு ஆறு. கல்யாண சீசனில் இரவு இரண்டு மணி வரை டெக் ஓடும். அதனால் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

நீ மூன்று குறை சொல்லியிருக்கிறாய். மூன்றுக்கும் சேர்த்து அந்த 180 ரூபாய்ச் சவத்தைத் தூக்கில் போடாதே. முதல் குறை உன் வயர். இரண்டாவது பெரும்பாலும் உன் சார்ஜர். மூன்றாவது கார்டுதான், ஆனால் நீ நினைக்கிற பக்கத்தில் இல்லை.

முதலில் கரகரப்பு. பிங்க் ஓட்டை மைக்குக்கானது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். நீ அதற்குள் விடுவது ஹெட்போனைக் கதறவைக்கும் அளவு மின்னழுத்தம். வாய்க்கால் மதகைத் திறந்து அண்டாவில் தண்ணீர் பிடிக்கிறாய், வழியாமல் என்ன செய்யும்? ஆடாசிட்டியில் அலையைப் பெரிதாக்கிப் பார், உச்சியெல்லாம் அரிவாளால் சீவியதுபோலத் தட்டையாக இருக்கும். அப்படிச் சீவிப்போனதை எந்தச் சாஃப்ட்வேராலும் உள்ளபடி திருப்பிக் கொண்டுவர முடியாது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வாங்கு. பத்து ரூபாய்க்குள் முடியும். டேப் ரெக்கார்டர் பக்கப் பிளக்கின் நுனியிலிருந்து 10 கிலோ தொடராக வரட்டும். அது முடிகிற இடத்திலிருந்து 1 கிலோவை அடிக்கு, அதாவது கிரவுண்டுக்கு இறக்கு. அதே இடத்திலிருந்து கெப்பாசிட்டர் வழியாகக் கார்டுப் பிளக்கின் நுனிக்குப் போ. மைக் ஓட்டையிலிருந்து மைக்குக்கென்று ஒரு சின்ன டிசி வோல்ட் வெளியே வரும், அதைத் தடுக்கத்தான் கெப்பாசிட்டர். பிளக்கின் நடு வளையத்தை இரண்டு பக்கமும் தொடாமல் விடு. இப்போது உள்ளே போவது பதினொன்றில் ஒரு பங்குதான். விண்டோஸில் மைக் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் ஏஜிசி என்று ஒரு டிக் இருந்தால் எடுத்துவிடு. அதை விட்டுவைத்தால் பாட்டு நின்ற இடத்திலெல்லாம் இரைச்சல் தானாக மேலே ஏறும்.

இரண்டாவது, 'ம்ம்ம்'. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார். டேப் ரெக்கார்டரும் கரண்டில், லேப்டாப்பும் கரண்டில் என்றால் இரண்டுக்கும் நடுவே வயர் வழியாக ஒரு சுற்று உண்டாகிவிடும். பிளக்கில் மூன்றாவது முள் இல்லாவிட்டாலோ, சுவருக்குள் எர்த் சரியில்லாவிட்டாலோ கேட்கவே வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியவே பதியாதே, பழைய சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் உறுமல் அதைவிட மோசம்.

எது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. எதுவும் ஓடாமல் 30 செகண்ட் பதிந்துவிட்டு ஆடாசிட்டியில் பிளாட் ஸ்பெக்ட்ரம் திற, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று படமாகக் காட்டும். 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூம்பு நின்றால் அது கரண்ட்காரன். 1000, 2000, 3000 என்று வேலிக்கம்பு நட்டதுபோல நின்றால் அது யூஎஸ்பி. இந்த மாதிரிக் கார்டுகளோடு கம்ப்யூட்டர் செகண்டுக்கு ஆயிரம் தடவை பேசுகிறது. கார்டுக்குள் கரண்டை வடிகட்டுவதில் மிச்சம் பிடித்தால் அந்த ஆயிரம் அப்படியே ஒலியில் கசியும். உன் கொசு அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கே வருகிறேன். கார்டை எடைபோட மீட்டர் வேண்டாம். பழைய பிளக் ஒன்றில் நுனியையும் அடியையும் சேர்த்துப் பற்றவைத்து, மைக் ஓட்டையில் செருகி, ஒரு நிமிஷம் பதி. அனலைஸ் மெனுவில் மெஷர் ஆர்எம்எஸ் என்று இருக்கும், அது சராசரிச் சத்தத்தை டெசிபலில் ஒரு மைனஸ் எண்ணாகக் கொடுக்கும். பூஜ்யத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. ஒரேயடியாகச் சுத்த சூனியம் காட்டினால் மட்டும் சந்தோஷப்படாதே. நாய்ஸ் சப்ரெஷன் ஏதோ உள்ளே இருந்து கதவைச் சாத்துகிறது என்று அர்த்தம். என்ஹான்ஸ்மென்ட் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிட்டு மறுபடி எடு.

அடுத்து, கேசட்டில் எதுவும் பதியாத இடத்தை ஓடவிட்டு அதையும் பதி. அந்த 'ஸ்ஸ்ஸ்' எத்தனை மைனஸ் என்று பார். கணக்கு முழுக்க இங்கேதான் இருக்கிறது. சாதாரணக் கேசட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 50, 55 டெசிபல் இருந்தாலே நாங்கள் நல்ல டேப் என்போம். 16 பிட்டில் ஏட்டுக் கணக்குப்படி 98 டெசிபல் கிடைக்கும். கார்டின் இரைச்சல் டேப்பின் இரைச்சலைவிட 20 டெசிபல் கீழே இருந்தால், இரண்டும் சேரும்போது கூடுவது 0.04 டெசிபல். ஆண்டவனுக்கே கேட்காது.

மூன்றாவது சோதனை: ரெசிஸ்டர் வைத்துச் செய்த அந்த வயரால் பச்சை ஓட்டையையும் பிங்க் ஓட்டையையும் இணை. 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஆடாசிட்டியிலேயே உண்டாக்கி, கார்டு தானே பாடித் தானே கேட்கட்டும். ஸ்பெக்ட்ரத்தில் 1000-ல் பெரிய கோபுரம் நிற்கும். 2000, 3000-ல் குட்டிக் கோபுரங்கள் எத்தனை டெசிபல் கீழே என்று பார். 40 கீழே என்றால் ஒரு சதவீதம் திரிகிறது, 60 கீழே என்றால் 0.1 சதவீதம்.

கடையில் ஹெட்போன் மாட்டிக் கேட்பதைப் பற்றிச் சொல்லவேண்டுமா? உங்கள் ஊர்க் கோயில் இசைத்தூணில் காதை வைத்த டூரிஸ்ட் எல்லாரும் தலையாட்டிவிட்டுத்தான் போவார்கள். இரண்டு கார்டில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாகப் பாடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஒப்பிட வேண்டுமானால் இரண்டின் அளவையும் முதலில் 0.1 டெசிபலுக்குள் சமமாக்கவேண்டும். எது எது என்று உனக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றிப் போடவேண்டும். 16 தடவையில் 12 தடவை சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம். 9, 10 என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம்.

கடைசியாகக் குடம். நீ அதை எதில் கேட்டாய்? அதே கார்டின் பச்சை ஓட்டையில் ஹெட்போன் போட்டுத்தானே? குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். வெளியே போகும் வழியில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். விலை குறைக்க நினைப்பவன் முதலில் கைவைப்பது அதில்தான். 220 மைக்ரோஃபாரட் போட்டால் 32 ஓம் ஹெட்போனில் 23 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 47 போட்டால் 106 ஹெர்ட்ஸிலேயே பாதிச் சக்தி போய்விடும், அதற்குக் கீழே போகப்போக ஒன்றும் மிஞ்சாது. குடத்தின் 'கும்' அந்த அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கிறது. ஆனால் இதே கார்டை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் 10 கிலோ ஓம் எதிர்ப்பில் 47 தாராளமாகப் போதும், பேஸ், அதாவது அடி ஒலி, முழுசாக வரும். அதனால் நீ பதிந்த ஃபைலை போனில் ஏற்றி நல்ல ஹெட்போனில் கேட்டுப் பார் மக்ளே. அப்பா அதற்குள்ளேயே இருப்பார்.

முட்டம்_உப்புக்காற்று · திங்கள், மாலை 6.10

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. கடற்கரை வீட்டுக்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருதான். மலிவான கார்டின் ஓட்டைக்குள் இருக்கும் தகட்டுக்கு ஆறு மாசத்தில் பச்சை பிடிக்கும். அப்புறம் பிளக்கைத் தொட்டாலே 'க்ரக்', ஒரு பக்கம் மட்டும் கேட்கும், நம் ஆட்கள் சிப் போய்விட்டது என்று தூக்கி எறிவார்கள். வாங்கும்போதே பிளக்கைச் செருகி, பாட்டு ஓடும்போது பையச் சுழற்றிப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் உயிர் வரும். தேங்காய் எண்ணெய் போட்டவரையும் எனக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள்.

குடக்காரர்_மகன் · புதன், இரவு 11.50

அண்ணாச்சி, கை நடுங்க எழுதுகிறேன். குடம் இருக்கிறது.

சொன்னபடி அதே ஃபைலைப் போனில் ஏற்றி, தங்கச்சியின் ஹெட்போனில் கேட்டேன். கரகரப்பு அப்படியே இருந்தது, ஆனால் அடியில் 'கும்... கும்கும்' என்று தெளிவாக வருகிறது. ஸ்பெக்ட்ரத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பார்த்தால் 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு. அந்த வெறியில் கார்டை நகத்தால் பிளந்தேன், ஒட்டே இல்லை, சிப்பி மாதிரி திறந்துகொண்டது. உள்ளே பச்சை ஓட்டைக்குப் பக்கத்தில் நெல்மணி உயரத்தில் இரண்டு அலுமினியக் குவளைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலே 47. நீங்கள் கார்டைப் பார்க்காமலே சொன்னது எப்படி என்று அம்மா கேட்கிறாள்.

வயர் செய்தாயிற்று. சாமான் 8 ரூபாய், பற்றவைத்துக் கொடுத்த மொபைல் கடைத் தம்பி காசு வாங்கவில்லை. கரகரப்பு சுத்தமாக நின்றுவிட்டது, உச்சம் மைனஸ் 6-க்கு மேல் போகவில்லை.

எண்கள்: பிளக்கைச் சேர்த்துவைத்து எடுத்த அமைதி, சார்ஜரோடு மைனஸ் 58, சார்ஜர் இல்லாமல் மைனஸ் 74. பதினாறு டெசிபல் சார்ஜரிலிருந்து வந்ததா என்று எனக்கே அதிர்ச்சி. கேசட்டின் 'ஸ்ஸ்ஸ்' மைனஸ் 46. ஆக கார்டு டேப்பைவிட 28 டெசிபல் கீழே இருக்கிறது. 1000, 2000, 3000 வேலிக்கம்பு ஸ்பெக்ட்ரத்தில் இன்னும் நிற்கிறது, ஆனால் டேப் ஓடும்போது இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது, தேடினாலும் காதுக்குக் கிடைக்கவில்லை. தானே பாடித் தானே கேட்ட சோதனையில் 2000 ஹெர்ட்ஸ் 64 டெசிபல் கீழே, 3000 ஹெர்ட்ஸ் 58 கீழே. இது நல்லதா கெட்டதா?

டிவைஸ் மேனேஜரில் பார்த்தேன், எண் 0டி8சி என்று தொடங்குகிறது. சி-மீடியா சிப் என்று தேடித் தெரிந்துகொண்டேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. இந்தக் கார்டில் மைக் மோனோதான், ஒரே சேனல். அது குறையா? அப்புறம் மணியோசை சில கேசட்டில் பளிச்சென்று இருக்கிறது, சிலவற்றில் சாக்கு போட்டு மூடினதுபோல இருக்கிறது. அது கார்டா?

மிக்ஸிங்_மண்டை · வியாழன், காலை 7.40

சரி, இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் போல. ஆனால் ஒன்று கேட்கிறேன் அண்ணாச்சி, 24 பிட் முழுக்க வீண் என்கிறீர்களா?

பழைய_டேப்_மார்த்தாண்டம் · வியாழன், மதியம் 3.05

மண்டைத் தம்பி, வீண் என்று நான் எங்கே சொன்னேன்? வருகிற கொடைக்கு நீயே மைக் வைத்து வில்லைப் பதியப் போகிறாய் என்றால் 24 பிட்தான் வாங்கு. உடுக்கை எப்போது எகிறும், அண்ணாவி எப்போது மைக்கை விழுங்கப் போவார் என்று யாருக்குத் தெரியும்? லெவலை நன்றாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். கேசட்டில் அந்தப் பயம் இல்லை. பாட்டு ஏற்கெனவே டேப்புக்குள் அடங்கியிருக்கிறது, ஒருதரம் ஓட்டிப் பார்த்தால் உச்சம் எங்கே என்று தெரிந்துவிடும். 96 கிலோஹெர்ட்ஸும் அப்படித்தான். அந்த மாதிரி இரவல் ரெக்கார்டரில் பதிந்த டேப்பில் 10, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது வெறும் இரைச்சல். 44.1 அல்லது 48 போதும்.

குடக்காரர் மகனே, 58 டெசிபல் கீழே என்றால் 0.13 சதவீதத் திரிபு. கேசட்டில் கொஞ்சம் ஏற்றிப் பதிந்தாலே ஒரு சதவீதம் சாதாரணம், முள் சிவப்புக்குப் போனால் மூன்று. கார்டு பாஸ். 180 ரூபாய்க்கு இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. 7.1 என்று அட்டையில் போட்டது சாஃப்ட்வேர் வித்தை, அதை மறந்துவிடு. இந்த வகைச் சிப் பெரும்பாலும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மைக் ஒரே சேனல், அவ்வளவுதான். அந்த அவ்வளவு உனக்குப் போதும்.

மோனோ குறையில்லை. அப்பா வைத்தது ஒரே மைக், அதுவும் ரெக்கார்டருக்குள்ளேயே இருந்த மைக்காக இருக்கும். ஒரு மைக்கில் போனதை இரண்டு சேனலில் எடுத்தால் ஃபைல் பெருக்குமே தவிர வில்லு பெருக்காது. பின்னால் யாருக்காவது ஸ்டீரியோ கேசட் ஏற்றவேண்டி வந்தால் இந்தக் கார்டு உதவாது. அப்போது லைன்-இன், அதாவது மைக்குக்கு அல்லாமல் டேப் ரெக்கார்டர் மாதிரிக் கருவிகளுக்கான ஓட்டை, உள்ளதைத் தேடு. பெஹ்ரிங்கர் யூசிஏ202 மாதிரி ஆர்சிஏ ஓட்டையோடு வருவது இருக்கிறது, அதுவும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான். அதைவிட மலிவு ஒன்று உண்டு. ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய டெஸ்க்டாப் கிடக்கும். பின்பக்கம் நீல நிற ஓட்டை இருந்தால் அதுதான் லைன்-இன், இரண்டு சேனல், இந்த ரெசிஸ்டர் வித்தை எதுவும் வேண்டாம். 1998-ல் என் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டைத் தனியாக உள்ளே செருகினோம். 1992-ல் வந்த மாடல் அது. அப்போது அதைத் தொடவே பயம், குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவேன். 97-ல் இன்டெல் ஏசி97 என்று கம்ப்யூட்டர் ஒலிக்கான ஒரு தரநிலையைக் கொண்டுவந்த பிறகு ஒலி மெல்ல மதர்போர்டுக்குள்ளேயே வந்துவிட்டது, அந்தக் கார்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. இப்போது சாதாரண போர்டுகளில் வருகிற ரியல்டெக் ஏஎல்சி897 சிப்புக்கு ஏட்டில் பாடும் பக்கம் 97 டெசிபல், கேட்கும் பக்கம் 90 போட்டிருக்கிறான். போர்டில் வைத்த பிறகு கொஞ்சம் குறையும். குறைந்தாலும் டேப்புக்கு எங்கேயோ மேலே.

மணியோசை விஷயம் கார்டே இல்லை. அது ரெக்கார்டருக்குள் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட். பதிந்த ரெக்கார்டரின் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், நீ ஓட்டும் ரெக்கார்டரின் ஹெட் இன்னொரு சாய்வில். மயிரிழை மாறினாலும் மேல் ஒலி செத்துப்போகும். கேசட்டை ஓடவிட்டுக்கொண்டு, ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூவைக் காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பு. வில்மணி பளிச்சென்று எழும் இடத்தில் நிறுத்து. முதலில் ஸ்க்ரூ இருந்த இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டுத்தான் தொடவேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு தடவை. 12,000 ரூபாய்க் கார்டு வாங்கியிருந்தாலும் இந்தக் கால் சுற்று தருவதை அது தந்திருக்காது. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்தாயா? நனைந்து பிழைத்த கேசட் எதையும் பூஞ்சை பார்க்காமல் உள்ளே போடாதே. ஒன்றின் பூஞ்சை ஹெட் வழியாக எல்லாவற்றுக்கும் போகும்.

குடக்காரர்_மகன் · அடுத்த செவ்வாய், இரவு 9.20

துடைத்தேன் அண்ணாச்சி, பஞ்சில் காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. ஸ்க்ரூவைத் திருப்பும்போது ஓர் இடத்தில் மணி ஜன்னலைத் திறந்ததுபோல உள்ளே வந்தது. 'யம்மா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சித்தப்பா வீட்டுப் பரணில் நீல ஓட்டையோடு ஒரு டெஸ்க்டாப் கிடைத்தது. ஒரே கேசட்டின் ஒரே நாலு நிமிஷத்தை அதிலும் ஏற்றினேன், 180 ரூபாய்க் கார்டிலும் ஏற்றினேன். அளவைச் சமமாக்கி, தங்கச்சியை மாற்றிப் போடச் சொல்லி 16 தடவை கேட்டேன். 9 சரி. நீங்கள் சொன்ன பூவா தலையாதான்.

அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். எது எந்தக் கார்டு என்று சொல்லவில்லை, எந்த ஊர்க் கொடை என்றும் சொல்லவில்லை, கேசட் மேல் எழுதியிருந்ததும் அழிந்துபோயிருந்தது. சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். முதலாவதும் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. 'ரெண்டும் ஒண்ணுதானே' என்றாள். கொஞ்சம் கழித்து, 'இது ஈத்தாமொழிக் கொடையாக்கும். கொடம் கீறுன கொடம்லா. அன்னைக்கு வண்டியில எறக்கும்போது கீறிப்போச்சு, துணியைச் சுத்தி வச்சு அடிச்சாரு' என்றாள்.

மறுபடி போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு 'கும்'முக்கும் பின்னால் சின்னதாக ஒரு நடுக்கம் இருக்கிறது. இத்தனை நாள் அதை டேப் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுத்துவிடலாமா என்று உங்களிடம் கேட்கவும் இருந்தேன்.

5 கேசட் முடிந்தது. 180 ரூபாய்க் கார்டிலேயே தொடர்கிறேன், சார்ஜர் இல்லாமல். பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது, ஒரு 60 நிமிஷக் கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் சரியாக இருக்கிறது. 90 நிமிஷக் கேசட் மூன்று இருக்கிறது. அதற்கு மட்டும் ஏ பக்கம் முடிந்ததும் சார்ஜ் ஏற்றிவிட்டு பி பக்கம் எடுக்கிறேன்.

பழைய_டேப்_மார்த்தாண்டம் · அடுத்த செவ்வாய், இரவு 10.02

90 நிமிஷக் கேசட்டில் டேப் மெலிசு. போடுவதற்கு முன் ஒருதரம் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொண்டு வா, இல்லையென்றால் உருளையில் போய்ச் சிக்கும். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் காப்பியில் போடு, முதல் ஃபைலைத் தொடாதே. எல்லாம் முடிந்ததும் ஈத்தாமொழிக் கொடையை எனக்கும் ஒரு காப்பி அனுப்பு.